சேமக்காலைக்குள் போர்க் கல்லறைகள்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடிக்கு வெளியே கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானம் தாங்கிக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: அதில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? அங்கிருந்து பேச்சு சேமக்காலைகளுக்கு, அதாவது கிறிஸ்தவ மயானங்களுக்கு, திரும்பும். நாட்டின் பழைய சேமக்காலைகள் சிலவற்றில் ஒரு மூலையில் மட்டும் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் கற்கள் யாருடையவை, அவற்றை யார் பார்க்கிறார்கள், நாங்கள் கிட்டப் போகலாமா என்றெல்லாம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்ல வேண்டும்.

படைவீரர் ஒருவரின் கல்லறை என்றாலே அது போர்க் கல்லறைதானே?

இல்லை. பிரித்தானியப் பேரரசின் படைகளில் இறந்தவர்களுக்கென்று 1917இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழு. அது இரண்டு காலப்பகுதிகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். முதலாம் உலகப் போருக்கு 1914 ஓகஸ்ட் 4 முதல் 1921 ஓகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை. சண்டை ஓய்ந்த பிறகும் காயப்பட்டவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள், படைகளும் உடனே கலைந்துவிடவில்லை. அதனால்தான் இந்த நீட்சி.

இந்தத் திகதிகளுக்குள் படையில் இருந்தபடி இறந்திருந்தால் போதும், குண்டு பட்டுத்தான் செத்திருக்க வேண்டும் என்றில்லை. மலேரியா, லொறி விபத்து, நீரில் மூழ்கியது எல்லாம் கணக்கில் வரும். இலங்கையில் பெரிய தரைச் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆகவே இங்கே உள்ள போர்க் கல்லறைகளில் காய்ச்சலுக்கும் விபத்துக்கும் நல்ல பங்கு உண்டு. கல்லில் சாவுக்கான காரணம் எழுதமாட்டார்கள். காய்ச்சலில் போனவருக்கும் குண்டில் போனவருக்கும் ஒரே கல்தான்.

திகதிக்கு வெளியே இருந்தால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்தக் கணக்கில் சேரமாட்டார். திருகோணமலை நகருக்குள் இருக்கும் பழைய புனித ஸ்தேவான் சேமக்காலை இதற்கு நல்ல உதாரணம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாப் போரில் கொலராவில் இறந்து அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். வியாழன் கிரகத்தைத் திருகோணமலையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்துப் பார்த்து வரைந்த மேஜர் பேர்சி மோல்ஸ்வேர்த்தும் அங்கேதான் இருக்கிறார். அவர் இறந்தது 1908இல். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் படை அதிகாரிகள், ஆனால் இரண்டுமே ஆணைக்குழுவின் கணக்கில் போர்க் கல்லறைகள் அல்ல. அதே சேமக்காலையில் உலகப் போர்க் காலத்துக் கல்லறைகளும் உண்டு, அவை கணக்கில் உள்ளவை. ஊர்ச் சேமக்காலை ஒன்றுக்குள் இராணுவக் கல்லறைகள் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதைக் கிழக்கு மாகாணத்தில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

சரி, ஹேர்மிஸில் இறந்தவர்கள் எங்கே?

பெரும்பாலானவர்கள் கடலில்தான்.

நடந்தது இது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்தது திருகோணமலைதான் என்று தெரிந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்களை 8ஆம் திகதி இரவு வெளியே அனுப்பினார்கள். ஹேர்மிஸ் தெற்கு நோக்கி, மட்டக்களப்புப் பக்கமாக வந்தது. விமானம் தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. 1919இல் நீரில் இறக்கி 1924இல் சேவைக்கு வந்தது. ஆனால் அன்று அதன் விமானங்கள் எல்லாம் கரையில் நின்றன. 9ஆம் திகதி காலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அதைக் கண்டுபிடித்தன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயர், சிறிய போர்க் கப்பல் ஹொலிஹொக், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டு என்று அன்று இந்தக் கரையோரத்தில் வேறு கப்பல்களும் போயின.

அந்தப் பக்கமாக வந்த விற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் நீரில் தத்தளித்த அறுநூறு பேர் வரை தூக்கி எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. கப்பலோடு போனவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தில் பிளைமவுத், போர்ட்ஸ்மவுத், சாதம் ஆகிய துறைமுக நகரங்களின் கடற்படை நினைவுத்தூண்களில் இருக்கின்றன. ஒருவர் எந்தத் துறைமுகத்தைச் சேர்ந்த மாலுமியோ அந்தத் தூணில் அவர் பெயர். கடலில் காணாமற்போன அவுஸ்திரேலிய மாலுமிகளுக்கும் பிளைமவுத்தான்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மிகப் பெரிய போர்க் கல்லறை எது என்று என்னைக் கேட்டால் கடலைத்தான் காட்டுவேன். அதற்கு மதில் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குத்தான் இடம் தெரியும்.

அந்தக் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்கலாமா?

கப்பல் ஐம்பது மீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோட்டப் பயிற்சியோடு போகும் ஆழம் அல்ல. தகுந்த பயிற்சி உள்ளவர்கள் வெளிநாடுகளிலிருந்து இதற்கென்றே வருகிறார்கள். போகிறவர்கள் எதையும் தொடாமல், எடுக்காமல் வந்தால் போதும். பித்தளைச் சாமான் ஒன்றை நினைவுக்காகக் கொண்டுவருவதும் சேமக்காலையில் சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு வருவதும் எனக்கு ஒன்றுதான்.

தனி இராணுவ மயானம் அமைக்காமல் ஏன் ஊர்ச் சேமக்காலைக்குள் புதைத்தார்கள்?

நம் வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. ஆள் இறந்தால் அன்றோ மறுநாளோ அடக்கம் செய்தாக வேண்டும். பக்கத்தில் எந்தச் சேமக்காலை இருக்கிறதோ, அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அங்கே இடம் கேட்டு அடக்கினார்கள். முகாமோ இராணுவ வைத்தியசாலையோ தொடர்ந்து இருந்த ஊர்களில் ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி வாங்கிக்கொண்டார்கள். பறங்கிக் குடும்பங்கள், மிஷனறிமார், ஊர்க் கிறிஸ்தவர்கள் படுத்திருக்கும் சேமக்காலைக்குள் திடீரென்று இரண்டு வரிசை இராணுவக் கற்கள் வருவது இப்படித்தான்.

போர் முடிந்த பிறகு சிதறிக் கிடந்த கல்லறைகளை ஆராய்ந்தார்கள். நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று தோன்றிய இடங்களிலிருந்து எச்சங்களைத் தோண்டியெடுத்துப் பெரிய போர் மயானங்களுக்கு மாற்றுவது அவர்களுடைய வழக்கம். திருகோணமலை–நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானமும், 203 பேர் அடக்கப்பட்டிருக்கும் கண்டிப் போர் மயானமும் பலரும் அறிந்தவை. நிலைமை நல்லதாக இருந்த இடங்களில் கல்லறைகளை அப்படியே விட்டார்கள். ஆகவே 1943இல் ஓர் ஊரில் அடக்கப்பட்டவர் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார் என்று நினைத்துத் தேடப் போகாதீர்கள். முதலில் பதிவேட்டைப் பாருங்கள்.

சொந்த ஊருக்கு ஏன் அனுப்பவில்லை?

பிரித்தானியப் படையில் 1915இலேயே உடல்களைத் திருப்பி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வசதியுள்ள குடும்பம் மகனின் உடலைப் பணம் கொடுத்துக் கொண்டுபோகும், ஏழை வீட்டுப் பிள்ளை அங்கேயே கிடக்கும், அது நியாயமில்லை என்பது ஒரு காரணம். எண்ணிக்கை இன்னொரு காரணம். இலட்சக்கணக்கான உடல்களை யார் கப்பலேற்றுவது? இரண்டாம் உலகப் போரிலும் அதே வழக்கம் தொடர்ந்தது.

ஒரு கல் போர்க் கல்லறைக் கல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆணைக்குழுவின் வழக்கமான நடுகல் சுமார் 81 சென்ரிமீட்டர் உயரம், 38 சென்ரிமீட்டர் அகலம். மேல் விளிம்பு மெல்லிய வளைவாக இருக்கும். மேலே படைப்பிரிவின் சின்னம், அதற்குக் கீழே இலக்கம், பதவி, பெயர், பிரிவு, இறந்த திகதி, வயது, பிறகு மத அடையாளம். கடைசியில் குடும்பத்தார் கொடுத்த ஒரு வரி இருக்கலாம். முதற் போருக்குப் பின் அந்த வரிக்கு 66 எழுத்துகள் என்று எல்லை வைத்து, எழுத்துக்கு இவ்வளவு என்று காசும் கேட்டார்கள். பிள்ளையைக் கொடுத்த தாயிடம் எழுத்துக் காசு கேட்பதா என்று சண்டை கிளம்பியதும் நியாயம்தான். பிறகு விரும்பினால் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள்.

வெப்ப நாடுகள் சிலவற்றில் உயரமான கல்லுக்குப் பதிலாகத் தாழ்ந்த பீடத்தில் வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். பெயர் தெரியாதவருக்கு, அவர் கடவுளுக்குத் தெரிந்தவர் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வாசகத்தைத் தேர்ந்தவர் கவிஞர் கிப்ளிங். அவருடைய மகனும் 1915இல் போரில் காணாமற்போனவன்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் போர்க் கல்லறைக்கும் இந்தக் கல் இருக்காது. குடும்பம் தன் செலவில் வேறு மாதிரிக் கல் வைத்திருந்தால் அதை அப்படியே விட்டிருப்பார்கள். பார்வைக்கு ஊர்க் கல்லறை போலவே இருக்கும், பதிவேட்டில் மட்டும் போர்க் கல்லறை. வாசலில் பச்சை நிறத்தில் ஆணைக்குழுவின் சிறு பலகை இருந்தால் உள்ளே எங்கோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாக் கல்லும் ஏன் ஒரே மாதிரி? பெரிய அதிகாரிக்கும் அதே கல்லா?

அதே கல்தான். பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் சமமான அடையாளம் என்பது ஆணைக்குழுவின் அடிப்படை விதி. பிரித்தானிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பிரெட்ரிக் கென்யன் 1918இல் கொடுத்த அறிக்கையில் இதை உறுதியாகச் சொன்னார். எங்கள் பிள்ளைக்கு நாங்கள் விரும்பிய சிலுவை வைக்க விடுங்கள் என்று குடும்பங்கள் எதிர்த்தன. 1920இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய்த்தான் விவகாரம் முடிந்தது.

இந்த விதியின் அருமை ஊர்ச் சேமக்காலைக்குள் நின்று பார்த்தால்தான் விளங்கும். ஒரு பக்கம் பணக்காரக் குடும்பத்தின் சலவைக்கல் மண்டபம், சம்மனசுச் சிலை, இரும்பு வேலி. இன்னொரு பக்கம் கறையான் தின்ற மரச் சிலுவை, அதுவும் இல்லாத மண்மேடு. உயிரோடு இருந்தபோது இருந்த ஏற்றத்தாழ்வை நாம் அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறோம். நடுவில் அந்த இரண்டு வரிசை மட்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

ஆனால் அந்தச் சமத்துவமும் முழு உண்மையல்ல. 2021இல் ஆணைக்குழுவே ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதலாம் உலகப் போரில் இறந்த இந்தியர், கிழக்கு, மேற்கு ஆபிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் உட்பட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது இன்னும் 116,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தனிக் கல், ஆபிரிக்கச் சுமைதூக்கிக்கு ஒரு பொதுத் தூண் என்று பல இடங்களில் நடந்திருக்கிறது.

நம்மவர்களை எடுத்துக்கொண்டால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை. தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்தில் அந்தப் பாதையில் மடிந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குத் தனித்தனி அடையாளம் இருக்கிறது, புல் ஒழுங்காக வெட்டப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அதே பாதையில் செத்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தனித்தனிக் கல் கிடையாது. கூலியாளுக்குப் படை இலக்கம் இல்லை, இலக்கம் இல்லாதவருக்குக் கோப்பு இல்லை.

இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவச் சேமக்காலைக்குள் இருப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. முஸ்லிம் வீரர்களை இயன்றவரை மையவாடிகளிலோ தனிப் பகுதியிலோ அடக்கினார்கள். இந்து, சீக்கிய வீரர்களைப் பெரும்பாலும் தகனம் செய்தார்கள், அவர்களுடைய பெயர்கள் நினைவுச் சுவர்களில் இருக்கும். பெரிய போர் மயானங்களுக்குப் போனால் எல்லா மத அடையாளங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். சிலுவை, யூதரின் தாவீது நட்சத்திரம், முஸ்லிம் கல்லில் அரபு வரி, இந்து வீரரின் கல்லில் ஓம் என்று தொடங்கும் தேவநாகரி வரி. கண்டி மயானத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்ற நாட்டவரான மூன்று இத்தாலியர்களும் படுத்திருக்கிறார்கள்.

என் அப்பப்பா அந்தக் காலத்தில் ஆமியில் இருந்தவர். அவர் பெயர் இருக்குமா?

அவர் உயிரோடு திரும்பி வந்து பிறகு வீட்டில் இறந்திருந்தால் பெரும்பாலும் இருக்காது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். மேலே சொன்ன திகதிகளுக்குள் இறந்திருந்தால் தேடிப் பார்க்கலாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயர், நாடு, மயானம், படைப்பிரிவு என்று எதை வைத்தும் இலவசமாகத் தேட முடியும்.

தமிழ்ப் பெயர்களைத் தேடுவது கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கந்தையா என்றால் கே எழுத்திலும் தேடுங்கள், சீ எழுத்திலும் தேடுங்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கலாம். முதலெழுத்து மட்டும் இருக்கலாம். பெயரில் அகப்படாவிட்டால் இலங்கை என்று நாட்டைத் தெரிவுசெய்து மயானம் மயானமாகப் பட்டியலைப் பாருங்கள். இலங்கை இலகு காலாட்படை, கடற்படைத் தொண்டர் படை என்று பிரிவுப் பெயரை வைத்தும் முயலலாம். வீட்டில் பழைய பதக்கமோ கடதாசியோ இருந்தால் அதிலுள்ள இலக்கம் பெயரைவிட உறுதியானது. மறைவாக வைத்திருக்கும் தகரப் பெட்டிகளை ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

இந்தக் கல்லறைகளை யார் பராமரிக்கிறார்கள்? காசு யார் கொடுப்பது?

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு அரசுகள், தங்கள் நாட்டுக் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுக்கின்றன. இலங்கை அந்த ஆறில் இல்லை. ஊர்ச் சேமக்காலைக்குள் இருக்கும் துண்டில் நிலம் பங்குக்கோ சபைக்கோ உள்ளூராட்சி மன்றத்துக்கோ உரியதாக இருக்கும். கல்லும் அதன் பராமரிப்பும் ஆணைக்குழுவின் பொறுப்பு. கல் உடைந்தால் அவர்களே புதிது செய்து அனுப்புவார்கள். நாமாகச் சீமெந்து பூசி ஒட்ட வேண்டியதில்லை.

அங்கே போகலாமா? பூ வைக்கலாமா, விளக்குக் கொளுத்தலாமா?

தாராளமாக. பங்குச் சேமக்காலை என்றால் சுவாமியிடமோ போதகரிடமோ காவற்காரரிடமோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுப்பதற்குத் தடை இல்லை. அடக்கம் நடந்துகொண்டிருந்தால் கமெராவை உள்ளே வையுங்கள். மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் ஒட்டாமல் முன்னால் மண்ணில் குத்துங்கள். உருகிய மெழுகு கல்லுக்குள் இறங்கினால் எடுப்பது கஷ்டம்.

நவம்பர் 2 மரித்த விசுவாசிகளின் நாள். அன்று ஊர்ச் சனம் முழுக்கச் சேமக்காலையில் நிற்கும். உறவினர் வர வழியில்லாத அந்தக் கற்களுக்கும் கையோடு ஒரு திரி கொளுத்துவதில் தவறில்லை. உலகப் போர் நினைவு நாளான நவம்பர் 11 ஒன்பது நாள் கழித்து வரும். அன்று செயற்கைப் பொப்பி மலர் குத்துவார்கள். இலங்கையில் அந்த மலருக்கு ஒரு மறுபக்கக் கதை உண்டு. பொப்பி விற்ற காசின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகிறது, இங்குள்ள முன்னாள் படைவீரருக்கு ஒன்றும் வருவதில்லை என்று கோபப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் அதே நாளில் சூரிய மலர் விற்கும் இயக்கம் கிளம்பியது. சிங்களத்தில் சூரிய என்பது நம்முடைய பூவரசுதான். இந்நாட்டு இடதுசாரி அரசியலின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. பூவரசம் பூ நம் வேலிகளில் சும்மா பூத்துக் கிடக்கிறது. நீங்கள் எதை வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பாசி பிடித்த கல்லைக் கழுவலாமா?

ஆணைக்குழுவின் கல் என்றால் தொடாதீர்கள், அவர்களிடம் விடுங்கள். நம் குடும்பக் கல்லறை என்றால் சுத்தமான தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். குளோரின், அசிட், சவர்க்காரத் தூள், கம்பித் தூரிகை எதுவும் கூடாது. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், சில வருடத்தில் எழுத்து உதிரும். எழுவான்கரையில் உப்புக் காற்று வேறு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கல்லறைகளுக்குச் சீமெந்து பூசுவதும் கேடுதான். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உள்ளிருந்தே கரையும். நல்லெண்ணத்தில் பூசிய வெள்ளையால் எழுத்து மறைந்த கற்கள் எத்தனையோ.

தகடு அல்லது கல் காணாமல் போயிருந்தால்?

இடம், திகதி, படம் மூன்றையும் சேர்த்து ஆணைக்குழுவின் இணையத்தளம் வழியாக அறிவியுங்கள். சேமக்காலைப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். வெண்கலத்தைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு வாங்குவதால் தகடுகளுக்கு எப்போதும் ஆபத்து இருக்கிறது. தாமதிக்காமல் பொலிஸில் ஒரு முறைப்பாடும் போட்டால் நல்லது.

வெளிநாட்டு வீரருக்கு இவ்வளவு செய்கிறார்கள். நம் துயிலும் இல்லங்களுக்கு?

இந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கிழக்கில் தரவை, மாவடிமுன்மாரி, கண்டலடி, தாண்டியடி, அம்பாறையில் கஞ்சிகுடிச்சாறு என்று விடுதலைப் புலிகளின் துயிலும் இல்லங்கள் இருந்தன. வரிசையான கற்கள், பெயர், ஊர், திகதி என்று அவையும் போர் மயானங்களின் ஒழுங்கில் அமைந்தவைதான். போர் முடிந்தபோது அந்தக் கற்கள் அழிக்கப்பட்டிருந்தன. வருடா வருடம் நவம்பர் 27இல் பெற்றவர்கள் அந்த நிலங்களில் தீபம் ஏற்றப் போகிறார்கள். சில வருடங்களில் தடையுத்தரவும் கைதும் நடந்திருக்கின்றன.

சட்டம் என்று பார்த்தால், இறந்த படையினரின் கல்லறைகள் மதிக்கப்பட்டு அடையாளமிடப்பட வேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அந்த விதி நாடுகளுக்கிடையிலான போருக்கு எழுதப்பட்டது. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் கல்லறைக்குக் காவல் நிற்க எந்த ஆணைக்குழுவும் இல்லை. புலிகளின் அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்தும் இருக்கலாம். பிள்ளையின் கல்லறையை இடிப்பதால் அந்தக் கருத்து வெல்லும் என்று நான் நம்பவில்லை. ஜப்பானோடு சேர்ந்து நின்ற இத்தாலியரின் கல்லறைகூடக் கண்டியில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

சேமக்காலையில் உள்ள மற்றப் பழைய கல்லறைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

மிகக் குறைவு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமையானது என்று தானாக ஏற்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான். கண்டி இராச்சியம் பிரித்தானியருக்குப் போன நாள் அது. அதற்குப் பிந்தியவற்றைப் பாதுகாக்கத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மட்டக்களப்பில் மெதடிஸ்த மிஷனையும் பள்ளிக்கூடத்தையும் தொடங்கிய வில்லியம் ஓல்ட் ஐயர் இறந்தது 1815 ஏப்ரல் 1. சட்டத்தின் கோட்டை ஒரு மாதத்தால் தவறவிட்டவர்!

ஒல்லாந்தர் காலத்துக் கல் ஒன்று அகப்பட்டால் தொல்பொருள் திணைக்களத்திடம் சொல்லலாம். ஆனால் நம் சேமக்காலைகளில் மிகுதியாக இருப்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் உரியவை. பறங்கித் தச்சர்கள், தபால் அதிகாரிகள், பள்ளிக்கூட வாத்திமார், கொலராவில் ஒரே கிழமையில் போன பிள்ளைகள். உறவுகள் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. சேமக்காலையில் இடம் நெருக்கடி. யாரும் வராத பழைய குழியை மறுபடி பாவிப்பது வழக்கம், அதைக் குறை சொல்லவும் முடியாது. குழியைத் திருப்பி எடுக்கும்போது கல்லும் போகிறது, கல்லோடு பெயரும் போகிறது. இராணுவத் துண்டில் படுத்திருக்கும் இருபது வயதுப் பையனுக்குக் கோப்பு இருக்கிறது, ஆகவே கல் உடைந்தாலும் புதிது வரும். பக்கத்தில் படுத்திருக்கும் வாத்தியாருக்கு அந்தக் கல்தான் ஒரே கோப்பு. எனக்கு அதிகக் கவலை வாத்தியாரைப் பற்றித்தான்.

அப்படியென்றால் நாங்கள் என்ன செய்யலாம்?

பதியுங்கள். காசு தேவையில்லை, கைத்தொலைபேசி போதும்.

காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை நாலரைக்குப் பிறகோ போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது மங்கிய எழுத்து நிழல் கட்டித் தெரியும். நிழலுக்குள் இருக்கும் கல்லென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைச் சரிவாகத் திருப்பி அடிக்கலாம், அல்லது பொழுதுபட்ட பிறகு ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து பிடிக்கலாம். எழுத்துத் தெரிவதற்காக மாவோ சோக்கோ பூசாதீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முழுப் படம் ஒன்று, எழுத்துக்கு நெருக்கமாக ஒன்று, பக்கத்துக் கற்களோடு சேர்த்து ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கல் போன பிறகு இடத்தைக் காட்டுவது அந்தப் படம்தான்.

பிறகு கல்லில் உள்ளதை வரி வரியாக, பிழையோடு அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். சேமக்காலையின் வரைபடம் ஒன்றைக் கையால் கீறி, வாசலிலிருந்து வரிசை எண் போடுங்கள். பங்கின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்கச் சுவாமி அனுமதித்தால் கல்லில் இல்லாத விபரங்கள் அதில் கிடைக்கும். தொழில், வயது, சிலவேளை சாவுக்கான காரணமும். வயதான ஓர் அன்ரியைக் கூட்டிக்கொண்டு போனால் பதிவேட்டிலும் இல்லாதது கிடைக்கும். யாருடைய மகள் யாரைக் கட்டினாள் என்ற கதை எந்தக் கல்லிலும் இருக்காது.

இராணுவத் துண்டு இருந்தால் அதையும் சேர்த்தே பதியுங்கள், ஆனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது காத்திருக்கும்.

பதிந்ததை எங்கே கொடுப்பது?

ஒரு பிரதி பங்குக்கு, ஒரு பிரதி ஊர் வாசிகசாலைக்கு. மின்பிரதியை இணையத்தில் இயங்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை அவர்கள் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். அண்மைக் காலத்தில் இறந்தவர்களின் கல்லறைப் படங்களைக் குடும்பத்திடம் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். பழையவற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர் யாராவது தங்கள் பூட்டனின் கல்லைத் தேடி எழுதினால் படத்தோடு வரிசை எண்ணையும் அனுப்பிவிடுங்கள், வந்து இறங்கும்போது நேரே போய் நிற்கலாம்.